மேலிருந்து கீழாக வெட்டுங்கள்: இங்கிலாந்தின் பழைய கிராமத்து மாளிகையைத் தனித்தனி வீடுகளாக்கும் முறை

ஒரே குடும்பமும் அதற்குச் சமைக்க, துவைக்க, கணப்பு மூட்ட முப்பது வேலையாட்களும் வாழ்வதற்காகக் கட்டிய வீடுகள் இவை. வேலையாட்கள் போய் நூறு வருடமாகிறது. கூரை மட்டும் அதே அளவில் மேலே நிற்கிறது. முதல் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கான மாளிகைகளை இடித்ததற்கு இந்தக் கணக்கு ஒத்துவராததுதான் பெரிய காரணம். 1974இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அந்த இழப்பைக் கண்காட்சியாக வைத்தது. அடுத்த ஆண்டே, பழைய கட்டடங்களைக் காக்கப் போராடும் ‘சேவ் பிரிட்டன்ஸ் ஹெரிடேஜ்’ அமைப்பு தொடங்கியது. இடிப்பதற்கு மாற்றாக, மாளிகையைச் சில நல்ல வீடுகளாகப் பிரித்து விற்கலாம் என்று செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் கிட் மார்ட்டின். நார்தாம்ப்டன்ஷயரின் டிங்லி ஹால், நார்ஃபோக்கின் கன்டன் ஹால், ரட்லண்டின் பர்லி ஆன் த ஹில் ஆகியவை அவர் கைபட்டவை. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஒரு தடவையாவது அவற்றின் வரைபடங்களைப் பார்த்துவிட வேண்டும்.

அவற்றிலிருந்து கிடைக்கும் முதல் பாடம்: மாடிக்கு ஒரு வீடு என்று குறுக்கே வெட்டாதீர்கள். நிலவறையிலிருந்து கூரைவரை மேலிருந்து கீழாக வெட்டுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தரையில் தன் வாசல், தன் படி, தலைக்கு மேல் தன் கூரை. தீ, சத்தம், குழாய், பத்திரம் என்று பின்னால் வரும் பாதித் தலைவலிகள் இந்த ஒரு முடிவில் தீர்ந்துவிடும்.

வாங்குவதற்கு முன்

இங்கிலாந்தின் தேசிய மரபுப் பட்டியலில் கட்டடத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். பட்டியலில் மூன்று தரம் உண்டு: கிரேடு 1, கிரேடு 2 ஸ்டார், கிரேடு 2. பெரும்பாலானவை கிரேடு 2தான். மேல் இரண்டு தரங்களில் இருந்தால் உள்ளூர்க் கவுன்சிலோடு, மரபுக் கட்டடங்களுக்கான அரசு அமைப்பான ‘ஹிஸ்டாரிக் இங்கிலாந்து’ம் உங்கள் வரைபடத்தைப் பார்க்கும். பட்டியல் என்பது முகப்புக்கு மட்டும் என்று நினைப்பது பலர் செய்யும் தவறு. உள்ளே இருக்கும் கதவு, பூட்டு, பின்படி, நிலவறைக் கல்தளம் எல்லாமே அதில் அடக்கம். மாளிகையின் வளாகத்தில் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கும் குதிரை லாயம், தோட்டச் சுவர், வண்டிக் கொட்டகை போன்றவையும் சேர்ந்தே பாதுகாக்கப்பட்டவை.

அனுமதி மூன்று மேசையில் வாங்க வேண்டும், மூன்றும் வேறு வேறு. வீடுகளின் எண்ணிக்கையை மாற்றுவதற்குத் திட்ட அனுமதி. கட்டடத்தின் மரபுத் தன்மையைத் தொடும் ஒவ்வொரு வேலைக்கும் லிஸ்டட் (பட்டியலில் உள்ள) கட்டட ஒப்புதல். தீ, சத்தம், வடிகால் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கட்டட விதிமுறைச் சான்று. இரண்டாவதற்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது, சட்டப்படி 8 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். மாளிகை என்றால் 8 வாரத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஒப்புதல் இல்லாமல் ஒரு சுவரை உடைப்பது குற்றவியல் குற்றம். இரண்டு ஆண்டு சிறைவரை போகலாம். இதில் காலாவதியும் இல்லை. முந்தைய உரிமையாளர் முப்பது வருடம் முன் பிடுங்கிப்போட்ட கணப்பைத் திரும்ப வைக்கச் சொல்லும் நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும். அதனால் பழைய ஒப்புதல் கோப்புகளோடு இன்று கட்டடம் இருக்கும் நிலையை ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மூன்று மேசையும் ஒன்றோடொன்று முட்டும். தீக்கு ஒரு கதவு கனமாக வேண்டும் என்பார் ஒருவர், அதே கதவைத் தொடாதே என்பார் இன்னொருவர். வரைபடம் பென்சிலில் இருக்கும்போதே கவுன்சிலின் மரபுக் கட்டட அலுவலரையும் கட்டட விதிமுறை ஆய்வாளரையும் ஒரே நாளில் வீட்டுக்குள் நிறுத்திப் பேசவைப்பது சிக்கனமான வழி.

வௌவாலைக் கடைசியில் நினைக்காதீர்கள். பழைய மாளிகையின் கூரையில் வௌவால் இல்லாமலிருப்பதுதான் அதிசயம், எல்லா இனமும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. அந்தியில் அவை வெளியேறுவதைக் கணக்கெடுக்கும் ஆய்வை மே முதல் செப்டம்பர்வரைதான் செய்ய முடியும். அக்டோபரில் வீடு வாங்கி நவம்பரில் ஆய்வாளரைக் கூப்பிட்டால் அடுத்த மே மாதம்வரை கைகட்டி நிற்க வேண்டியதுதான். அவை தங்கும் இடத்தைத் தொட, இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான ‘நேச்சுரல் இங்கிலாந்து’ உரிமம் தர வேண்டும். அதைத் திட்ட அனுமதி கிடைத்த பிறகே கேட்க முடியும். குட்டி போடும் கோடையும் உறங்கும் குளிர்காலமும் போனால், கூரையைத் திறக்க வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சில வாரங்கள்தான் கையில் நிற்கும்.

அளந்து பாருங்கள்

லேசர் ஸ்கேன் எடுத்து 1:50 அளவில் வரையுங்கள். ஒவ்வொரு மாடிக்கும் தரைப்படம், குறைந்தது நான்கு குறுக்குவெட்டு, அதோடு கூரைப்படம். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தரைப்படத்தை வைத்துக்கொண்டு வீட்டைப் பிரித்துவிடுவார்கள். மேலே போய்ப் பார்த்தால் பிரிவுக்கோடு இரண்டு கூரைச் சரிவுகளுக்கு நடுவே ஓடும் ஈயக் கால்வாய்மேல் விழுந்திருக்கும். அந்தக் கால்வாய் ஒழுகினால் இரண்டு வீட்டிலும் ஒழுகும், இரண்டு பேரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

சுவர்க் கனத்தை ஒவ்வொரு அறையிலும் குறியுங்கள். 1.2 மீட்டர் கனமான சுவர் ஒன்று வீட்டின் நடுவில் காரணமில்லாமல் நின்றால், பெரும்பாலும் அது பழைய வெளிச்சுவர். பதினெட்டாம் நூற்றாண்டு முகப்புக்குப் பின்னால் பதினாறாம் நூற்றாண்டு வீடு ஒளிந்திருப்பது சாதாரணம். அப்படிப்பட்ட சுவர் பிரிவுக்கோட்டுக்குத் தங்கம்: இயல்பாகவே கனம், அதில் திறப்புகள் குறைவு, பல நேரம் கூரைவரை போயிருக்கும்.

எங்கே வெட்டுவது

எத்தனை வீடு என்று தொடங்காதீர்கள். எத்தனை படிக்கட்டு என்று எண்ணுங்கள். பெரிய படி ஒன்று, குடும்பத்தின் சின்னப் படி ஒன்று, வேலையாட்கள் படி இரண்டு என்று நான்கு இருந்தால், மையக் கட்டடமும் சமையல் பக்கமும் சேர்ந்து நான்கு வீடு. ஐந்தாவது வேண்டுமானால் புதிதாகப் படி நுழைக்க வேண்டும். அதற்காக ஏதாவது ஒரு அறையின் மேற்கூரையை (சீலிங்கை) துளைக்க வேண்டும். அந்தத் துளையில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுகின்றன. குதிரை லாயமும் வண்டிக் கொட்டகையும் தனிக் கணக்கு. அவை எளிதாகப் பிரியும், செலவும் குறைவு.

பெரிய அறைகளைப் பிளக்காதீர்கள். 12 மீட்டர் நீள வரவேற்பறையின் நடுவே சுவர் வைத்தால், பூவேலைப் பூச்சு ஓடும் மேற்கூரை பாதியில் நிற்கும், ஒரு பக்கம் கணப்பு இருக்கும், மறுபக்கம் ஒன்றும் இருக்காது. இரண்டு பாதியும் விலை போகாது. முழு அறையாக ஒரு வீட்டுக்கே கொடுங்கள். அந்த வீட்டில் படுக்கையறை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை, வாங்குபவர் அந்த ஒரு அறைக்காகத்தான் வருவார்.

4.5 மீட்டர் உயர அறையில் சமையலறை வைக்க வேண்டுமானால், சுவரையோ, அதன் உச்சியில் ஓடும் பூச்சு விளிம்பான கார்னிஸையோ தொடாமல், பெரிய அலமாரிபோல நடுவில் நிற்கும் அமைப்பாக 2.1 மீட்டர் உயரத்தோடு நிறுத்துங்கள். நாளை எடுத்துவிட்டால் அறை பழையபடி இருக்க வேண்டும். புகையை வெளியேற்ற வெளிச்சுவரில் ஓட்டை போடாமல், பயன்படாத புகைபோக்கிக் குழல் வழியாகக் குழாய் விடலாம்.

குளியலறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக, ஏற்கெனவே கழிவுக்குழாய் இறங்கிய மூலையில் வையுங்கள். 110 மில்லிமீட்டர் மலக்குழாய்க்கு 40க்கு 1 என்ற சரிவு வசதியானது. 6 மீட்டர் தூரம் தரைக்கடியில் ஓடினால் 150 மில்லிமீட்டர் இறக்கம், அதற்குமேல் குழாயின் விட்டம் வேறு. பழைய தரைக் கட்டைகளுக்குக் குறுக்கே போனால் ஒவ்வொரு கட்டையையும் பாதிக்குமேல் அறுக்க வேண்டியிருக்கும். அறுத்த கட்டை தொங்கும், கீழே உள்ள பூச்சு விரியும். ஆகவே கட்டை ஓடும் திசையிலேயே குழாயும் ஓடும்படி கழிப்பறையை இடம் மாற்றுங்கள். அரைத்துத் தள்ளும் மோட்டார் கழிப்பறையால் சமாளித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், மின்சாரம் போன இரவை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கதவை மூடும் விதம்

பிரிவுக்கோடு எப்படிப் போட்டாலும் எங்காவது ஒரு வாசலைக் கடக்கும். வரிசையாக அறைக்குள் அறை திறக்கும் மாளிகைகளில் நான்கைந்து வாசல்கள் வரும். கதவைக் கழற்றிச் செங்கல் வைத்து அடைப்பது எளிது. ஆனால் அந்த அறையின் சமன் கெட்டுவிடும், ஒப்புதலும் கிடைக்காது. சரியான முறை இது.

கதவு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பூட்டி, சாவியை எடுத்துவிடுங்கள்; பித்தளைக் கைப்பிடியும் நிலையும் அப்படியே இருக்கட்டும். சுவர் 600 மில்லிமீட்டர் கனமென்றால், கதவுக்குப் பின்னால் அரை மீட்டர் ஆழக் குழி கிடைக்கும். அந்தக் குழிக்குள், கதவைத் தொடாமல் குறைந்தது 50 மில்லிமீட்டர் தள்ளி, 70 மில்லிமீட்டர் சட்டகம் நிறுத்துங்கள். இடையில் மினரல் வூல் என்ற எரியாத கல் இழைப் பஞ்சு. சட்டகத்தின் இரு பக்கமும் 15 மில்லிமீட்டர் ஒலித்தடுப்புப் பிளாஸ்டர்போர்டு (ஜிப்சம் பலகை) இரண்டிரண்டு அடுக்கு; இரண்டாம் அடுக்கின் இணைப்பு முதல் அடுக்கின் இணைப்பின்மேல் விழக்கூடாது. ஓரம் முழுக்கத் தீயில் உப்பி அடைத்துக்கொள்ளும் மாஸ்டிக் பசை. ஆணிகள் கல்லின் சாந்து இணைப்பில் போக வேண்டும், மர நிலையில் அல்ல.

இவ்வளவும் செய்துவிட்டு, பலர் காலடியை மறந்துவிடுகிறார்கள். வாசற்படிக்கு அடியில் தரைப்பலகையும் அதன்கீழ் வெற்றிடமும் இரண்டு அறைக்கும் தொடர்ச்சியாக ஓடுகின்றன. மேலே அடைத்த சுவர் கச்சிதமாக இருக்கும், அடுத்த வீட்டுக் குழந்தை ஓடும் சத்தம் மட்டும் படிக்கடியில் வழிந்து வரும். தீப்பிடித்தால் புகையும் அதே வழியில்தான் வரும். வாசற்பலகையைத் தூக்கி, கீழே உள்ள இடைவெளியைக் கனமான மினரல் வூல் பலகையால் இறுக்கி அடைத்து, சட்டகத்தின் அடிக்கட்டையை அதற்கு நேர்மேலே நிறுத்துங்கள். பிறகு பழைய பலகையையே திரும்பப் போடுங்கள். கதவு நிலைக்கு மேலே, மரப்பலகைச் சுவருக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்துக்கும் இதே வைத்தியம்.

தீ

மாளிகையில் தீ பரவுவது அறை வழியாக மட்டுமல்ல. மரப்பலகைச் சுவருக்குப் பின்னால், உணவேற்றும் சிறு லிஃப்ட் கிணற்றில், தரைக்கட்டைகளுக்கு இடையில், கடைசியில் ஒரே நீளமாக ஓடும் கூரை வெற்றிடத்தில் அது ஓடும். சர்ரே மாவட்டத்தின் கிளாண்டன் பார்க் 2015 ஏப்ரல் 29 அன்று நிலவறை மின்பலகையில் தொடங்கிய தீயில், சில மணி நேரத்தில் வெறும் சுவர்க்கூடாக நின்றது. மறைவான வெற்றிடங்களே தீக்குப் பாதை போட்டுக்கொடுத்தன.

வீடுகளுக்கு இடையேயான சுவர் 60 நிமிடம் தாங்க வேண்டும். 600 மில்லிமீட்டர் கல்சுவருக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் அந்தச் சுவர் மேல்மாடி மேற்கூரையோடு நின்றுவிட்டிருக்கும். கூரை வெற்றிடத்துக்குள் ஓட்டின் அடிப்பக்கம்வரை அதை உயர்த்துங்கள். கனமான செங்கலைக் கீழ்ச்சுவர் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் சொல்லட்டும். தாங்காது என்றால் மரச்சட்டகமும் போர்டும் போதும். ஓட்டுக்கும் சுவர் உச்சிக்கும் நடுவே உள்ள இடைவெளியை மினரல் வூலால் அடையுங்கள். பெரிய உத்தரம் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்தில் சுற்றிலும் அடையுங்கள்.

அடுத்தது உயரம். சாதாரண வீட்டில் இரண்டாம் மாடி தரையிலிருந்து ஐந்தரை மீட்டரில் இருக்கும். மாளிகையில் தரைத்தளம் 4.8, முதல் மாடி 4.2 என்றால் இரண்டாம் மாடித் தரை 9 மீட்டரில் நிற்கும். 4.5 மீட்டருக்கு மேல் ஒரு மாடி இருந்தாலே படிக்கட்டைச் சுற்றித் தீத்தடுப்பு வேண்டும். 7.5 மீட்டரை எட்டினால் இன்னொரு தப்பும் வழியோ, வீடு முழுக்கத் தீயணைக்கும் தண்ணீர்த் தெளிப்பான் அமைப்போ வேண்டும். பழைய அறைகளில் நீர்த்திவலை அமைப்பு நல்லது. குழாய் சிறியது, தண்ணீர் குறைவு, பூச்சும் ஓவியமும் பிழைக்கும். இரண்டாம் மாடியைக் கிடங்காக மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி நழுவ முடியாது, அடுத்து வாங்குபவர் கட்டில் போட்டுவிடுவார்.

ஆறு பலகைக் கதவின் சட்டம் 44 மில்லிமீட்டர் இருக்கும், அது 30 நிமிடம் தாங்கும். நடுப்பலகைகள் 10 முதல் 15 மில்லிமீட்டர்தான்; முதலில் எரிவது அதுவே. பலகையின் உட்பக்கம் உப்பும் தன்மையுள்ள மெல்லிய தாளை ஒட்டி, அதன்மேல் மெல்லிய மர வெனீர் போட்டு, நிலையில் உப்பும் பட்டையும் புகைத்தடுப்பும் பதித்தால் பழைய கதவே நிற்கும். எந்தப் பொருளைப் போட்டாலும், அதே வகைக் கதவில் நடந்த சோதனைச் சான்று கையில் இருக்க வேண்டும். ஆய்வாளர் கேட்கும் முதல் காகிதம் அது.

சத்தம்

பழைய கட்டடத்தை வீடுகளாக மாற்றும்போது, பிரிக்கும் சுவரும் தரையும் காற்றில் வரும் ஒலியைக் குறைந்தது 43 டெசிபெல் தடுக்க வேண்டும். தரையில் மிதிக்கும் ஒலி 64 டெசிபெலுக்கு மேல் கீழே கேட்கக்கூடாது. மரபுக் கட்டடத்தில் அதை எட்டவே முடியாது என்றால், முடிந்த அளவு செய்து, அளந்த எண்ணைக் கண்ணில் படும்படி கட்டடத்தில் எழுதி வைக்க வேண்டும். வாங்க வருபவர் முதலில் பார்ப்பது அந்த அறிவிப்பாக இருந்தால் பேரம் எப்படிப் போகும் என்று சொல்லவே வேண்டாம். மேலிருந்து கீழாக வெட்டியிருந்தால் பிரிக்கும் தரையே இல்லை. 64 என்ற எண் உங்களைத் தொடாது.

எங்காவது ஒரு மூலையில் ஒரு வீட்டின் அறை இன்னொன்றின்மேல் ஏறத்தான் செய்யும். அங்கே தரைப்பலகையைத் தூக்கினால், கட்டைகளுக்கு நடுவே சாம்பலோ, மணலோ, சுண்ணாம்புச் சாந்தோ கொட்டியிருக்கும். குப்பை என்று மின்வேலைக்காரர் மூட்டை கட்டி எறிந்துவிடுவார். அதுதான் இருநூறு வருட ஒலித்தடுப்பு. விட்டுவையுங்கள். இல்லாத இடத்தில் சதுர மீட்டருக்கு 80 கிலோ கணக்கில் கொட்டலாம்: உலர்மணல் என்றால் 50 மில்லிமீட்டர், சுண்ணாம்புக் கல்சில்லு என்றால் 60, சாம்பல் என்றால் 75. குளியலறைக்கும் சமையலறைக்கும் கீழே மணல் வேண்டாம். நனைந்தால் எடை கூடி மேற்கூரையோடு இறங்கும். எல்லா வேலையும் மேலிருந்தே நடக்கட்டும், பலகை ஒவ்வொன்றுக்கும் சாக்குக்கட்டியால் எண் போட்டு. கீழே உள்ள பூச்சு மேற்கூரையைத் தொடக்கூடாது. 80 கிலோ ஏறுமுன் அது பிடித்துக்கொண்டிருக்கும் மரப்பட்டிகளை மேலிருந்து சோதியுங்கள்.

சத்தம் வரும் இன்னொரு வழி புகைபோக்கி. முதுகோடு முதுகாக இருக்கும் இரண்டு கணப்புகளின் குழல்களுக்கு நடுவே ஒற்றைச் செங்கல் தடுப்புதான் இருக்கும். அது எங்காவது உடைந்திருந்தால் பக்கத்து வீட்டுப் பேச்சு உங்கள் கணப்பில் கேட்கும். அவர்கள் நெருப்பு மூட்டினால் புகை உங்கள் படுக்கையறைக்கு வரும். விஷவாயு அது, அலட்சியம் கூடாது. ஒவ்வொரு குழலையும் தனித்தனியே புகைக்குளிகை கொளுத்திச் சோதியுங்கள், எந்தக் குழல் எந்த உச்சியில் திறக்கிறது என்று கூரைப்படத்தில் எண் போடுங்கள். பயன்படுத்தப்போகும் குழலுக்கு உள்ளுறை (லைனர்) போடுங்கள். மற்றவற்றை அடைக்கும்போதும் காற்றுப் போக மேலும் கீழும் சிறு துளை விடுங்கள்; முழுக்க அடைத்த குழல் உள்ளுக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும்.

கூரையும் ஈரமும்

வரிசைப்படி இதுதான் முதல் வேலை. மேலே சொன்ன எதையும் ஒழுகும் கூரையின்கீழ் தொடங்காதீர்கள்.

கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைந்து ஓடும் ஈயக் கால்வாய்தான் மாளிகைகளின் நோய்க்கு மூலம். ஈயம் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஒரே தகடு அதிக நீளமாக இருந்தால் நடுவில் விரிசல் விடும். 3.15 மில்லிமீட்டர் கனமுள்ள 7ஆம் எண் ஈயத் தகடு என்றால் ஒரு துண்டு 2.5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, 3.55 மில்லிமீட்டர் கனமுள்ள 8ஆம் எண் என்றால் 3 மீட்டர். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் 50 மில்லிமீட்டர் படி இறக்கம். அத்தனை இறக்கத்துக்கு உயரம் இல்லை என்று சொல்லி நீளத் தகடாகப் போடும் ஒப்பந்தக்காரரை அனுப்பிவிடுங்கள். கால்வாயில் இலை அடைத்தால் தண்ணீர் வெளிப்பக்கம் விழும்படி கைப்பிடிச் சுவரைத் துளைத்து ஒரு வழிந்தோடி வையுங்கள். அதிலிருந்து தண்ணீர் கொட்டுவது தெரிந்தால் யாராவது மேலே போய்ப் பார்ப்பார்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கி உத்தரத்தின் நுனியை மூன்று வருடம் சத்தமில்லாமல் தின்னும்.

அப்படித் தின்பது ‘ட்ரை ராட்’ என்ற பூஞ்சை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பிடிக்கும். இழைகள் செங்கல் சுவரைக் கடந்து அடுத்த மரத்தைத் தேடும், ஆகவே பக்கத்து வீட்டுக்கும் போகும். துருநிறத் தூள் கண்ணில் பட்டால் மருந்தடிக்கும் ஆளைத் தேடுமுன் தண்ணீர் வரும் வழியைத் தேடுங்கள். தண்ணீரை நிறுத்தி, காற்று விட்டுக் காயவைத்தால் அது சாகும். காயாமல் எத்தனை மருந்தடித்தாலும் திரும்ப வரும். கனச் சுவர் காய மாதங்கள் ஆகும். அந்த மாதங்களைக் கால அட்டவணையில் இப்போதே எழுதிவிடுங்கள்.

சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து மட்டும். சிமென்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர முடியாமல் கல்லின் முகத்தையே உதிர்க்கும். சுண்ணாம்பு வேலை 5 டிகிரிக்குக் கீழே கூடாது. ஆக, வெளிப்புற வேலைக்கு ஏப்ரல் முதல் அக்டோபர்வரைதான்.

தண்ணீர், கழிவு, மின்சாரம்

கிராமத்து மாளிகைக்குப் பொதுச் சாக்கடை பெரும்பாலும் கிடையாது. 8 வீடு, வீட்டுக்கு 5 பேர், ஒருவருக்கு நாளுக்கு 150 லிட்டர் என்றால் 6 கன மீட்டர். தனி உரிமம் இல்லாமல் மண்ணுக்குள் விடக்கூடியது நாளுக்கு 2, ஓடைக்கு விடக்கூடியது 5. எப்படிக் குறைத்துக் கணக்கிட்டாலும் மண்ணில் விடுவதற்குச் சுற்றுச்சூழல் முகமையின் உரிமம் இல்லாமல் முடியாது. பழைய செங்கல் தொட்டியை மறந்துவிட்டு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு சுத்திகரிப்பு அலகு வையுங்கள். மரங்களின் வேர்ப்பரப்புக்கு வெளியே, லாரி வந்து நிற்கும் தூரத்தில்.

மின்சாரத்தில் கவிழ்ப்பது கார். 7 கிலோவாட் சார்ஜர் ஒன்று 32 ஆம்பியர். 8 சேர்ந்து ஓடினால் 256. வெப்பப் பம்புகள் தனி. பழைய இணைப்பு இதற்குப் பக்கத்தில்கூட வராது. மின்வழங்கல் நிறுவனத்துக்கு விண்ணப்பத்தை முதல் மாதமே போடுங்கள். புது மின்மாற்றிக்காகக் காத்திருக்கும் காலம் கூரை வேலையைவிட நீளலாம். மீட்டர்கள் எல்லாம் நிலவறை நடையிலோ லாயத்திலோ இருக்கட்டும், முகப்பில் ஒன்றுகூடத் தெரியக்கூடாது. வீட்டுக்கு இரண்டு என்று 16 கார்களையும் அப்படித்தான் மறைக்க வேண்டும். மாளிகைமுன் சரளைக்கல் திடலில் கார் வரிசை நின்றால் வீட்டின் விலையே இறங்கும். லாய முற்றம், காய்கறித் தோட்டச் சுவரின் வெளிப்பக்கம் போன்ற இடங்கள் இதற்கென்றே பிறந்தவை.

பணம்

வீடுகளின் எண்ணிக்கையை மாற்றும் வேலைக்கு ஒப்பந்தக்காரர் 5 சதவீத வாட் வரி போடலாம், வழக்கமானது 20. இதில் ஒரு பொறி உண்டு: எண்ணிக்கை மாறுவது கட்டடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனியே பார்க்கப்படும். முன்பே தனி வீடாக இருந்த ஒரு பக்கக் கட்டடம் தனி வீடாகவே தொடர்ந்தால், அதன் வேலைக்குச் சலுகை கிடைக்காது. கட்டடக் கலைஞர், பொறியாளர் கட்டணத்துக்கு 20 சதவீதம்தான். லிஸ்டட் கட்டட மாற்றங்களுக்கு இருந்த பூஜ்ய வரி 2012 அக்டோபரோடு போய்விட்டது. பழைய புத்தகத்தைப் பார்த்து வரவுசெலவு போட்டுவிடாதீர்கள். எதிர்பாராச் செலவுக்குக் குறைந்தது 20 சதவீதம் ஒதுக்குங்கள், தரைப்பலகை திறக்கும் முன்பே.

லாய வீடுகளை முதலில் முடித்து விற்று, அந்தப் பணத்தில் மாளிகையைச் செய்யலாம் என்பது எல்லாருக்கும் தோன்றும். கவுன்சிலுக்கும் தோன்றும். அதனால் மாளிகையின் கூரை முடியும்வரை இத்தனை வீட்டுக்குமேல் விற்கக்கூடாது என்று திட்ட அனுமதியோடு சேர்த்துப் போடும் 106ஆம் பிரிவு ஒப்பந்தத்தில் கட்டிவிடுவார்கள். அந்த எண்ணிக்கையைப் பேசித் தீர்த்துவிட்டு வங்கிக்குப் போங்கள்.

பத்திரம்

வழக்கமான ஏற்பாடு: 999 ஆண்டுக் குத்தகை, அதோடு நிலத்தையும் கட்டடக் கூட்டையும் வைத்திருக்கும் கம்பெனியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு. 2022 ஜூன் 30 முதல் போடும் புதிய நீண்ட குத்தகைகளில் தரை வாடகை வாங்கவே முடியாது. கூரை, வெளிச்சுவர், சன்னலின் வெளிப்பக்கம், சாலை, புல்வெளி, சுத்திகரிப்பு அலகு எல்லாம் கம்பெனியின் பொறுப்பு. மேலிருந்து கீழாகத்தானே பிரித்தோம், அவரவர் கூரையை அவரவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று எழுதிவிடாதீர்கள். ஒருவர் ஸ்லேட் ஓடு போடுவார், பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார். தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாது.

மாதப் பராமரிப்புத் தொகையில் ஒரு பகுதி சேமநிதிக்குப் போகட்டும். ஏதாவது ஒரு வேலையில் எந்த ஒரு வீட்டின் பங்கும் 250 பவுண்டைத் தாண்டினால் முறைப்படி எல்லாரையும் கலந்தாலோசிக்க வேண்டும். கூரைவேலை என்றால் எப்போதும் தாண்டும். காப்பீடு கட்டடம் முழுவதற்கும் ஒரே பாலிசி, விற்பனை விலைக்கு அல்ல, அதே பொருளில் திரும்பக் கட்டும் செலவுக்கு. பூங்காவைத் துண்டுபோட்டு வேலி கட்ட விடாதீர்கள். வீட்டை ஒட்டிச் சிறு தனித்தோட்டம், மற்றது பொது. சன்னல் நிறம், டிஷ், துணிக்கொடி பற்றி எழுத வெட்கப்பட வேண்டாம்.

கையொப்பத்துக்கு முன் கூரைப்படத்தை மேசையில் விரித்து, கூரைக்கு ஏறும் வழி எங்கே என்று பாருங்கள். பல மாளிகைகளில் அது வேலையாட்கள் படியின் உச்சியில் உள்ள சின்னக் கதவு. பிரிவினைக்குப் பிறகு அது யாரோ ஒருவருடைய குளியலறைக்குள் போய்விட்டிருக்கும். முடிந்தால் அந்தப் படியின் மேல்முனையைப் பொதுவில் வையுங்கள். முடியாவிட்டால், 48 மணி நேர அறிவிப்பில் எப்போதும், ஒழுகும்போது அறிவிப்பில்லாமலும் கம்பெனி ஆள் அந்த வழியே போகலாம் என்று அந்த வீட்டின் குத்தகையில் எழுதுங்கள். கால்வாய் சுத்தம் செய்ய வருடத்துக்கு இரண்டு தடவை, இலை உதிர்ந்த பின் டிசம்பரிலும் கோடை மழைக்கு முன் மேயிலும், அவர் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கும்.